வரிசையில் நிற்பதும் பயிற்சிதான்
(நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர் எழுதிய நாட்குறிப்பு)

ஜூலை 7, 2025, திங்கள்

முதலாண்டு பி.காம். பிள்ளைகளுக்கு இன்று கிரவுண்டு பீரியட். சனிக்கிழமை பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த நீரஜ் சோப்ரா கிளாசிக் ஈட்டி எறிதல் போட்டி பற்றித்தான் ஒரே பேச்சு. நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து ஜெயித்ததை எல்லாரும் போனில் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன் தண்ணி பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வீசிக் காட்டினான். இன்னொருத்தன் ஜிம்முக்குப் போகிறவன், டி-ஷர்ட் கையைச் சுருட்டிவிட்டிருந்தான். "மேடம், நீரஜ் பெஞ்ச் பிரஸ் எத்தனை கிலோ போடுவாருங்க?" என்றான்.

மெடிசின் பாலை எடுத்துவரச் சொன்னேன். ஸ்டோர் ரூம் சுவரில் முதுகு ஒட்ட உட்கார வேண்டும், கால் நேராக நீட்டியிருக்க வேண்டும். மூன்று கிலோ பந்தை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையாலும் ஒரே தள்ளாகத் தள்ளி எறிய வேண்டும். முதுகு சுவரை விட்டு வந்தால் செல்லாது. காலும் இடுப்பும் உதவிக்கு வராது, தோளும் நெஞ்சும் கையும் மட்டும் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும். பெண்களுக்கு இரண்டு கிலோ பந்து. பந்தில் சுண்ணாம்புப் பொடி தடவியிருந்ததால் விழுந்த இடம் மண்ணில் வெள்ளையாகத் தெரிந்தது.

ஜிம் பையன் 4.70 மீட்டர். பரமத்தி வேலூரிலிருந்து வரும் ஒல்லிப் பையன் 5.35. ஜிம் பையன் நம்பாமல் டேப்பைத் தானே பிடித்து அளந்து பார்த்தான். அதே 5.35.

"லீவுல என்னப்பா வேலைக்குப் போற?"

"தேங்கா லோடு எறக்கப் போவேனுங்க மேடம்."

ஜூலை 9, புதன்

ஜிம் பையன் மதியம் ஆபீஸ் ரூமுக்கே வந்துவிட்டான். "அவன் எழுபது கிலோவைத் தொட்டுக்கூடப் பாத்ததில்லீங்க மேடம். அப்புறம் எப்படி?"

நோட்டில் ஒரு கோடு வரைந்து காட்டினேன். பாரம் ஏற ஏறத் தசை சுருங்கும் வேகம் இறங்கும், வேகம் ஏற ஏற அது தரக்கூடிய விசை இறங்கும். ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்துக் கண்டுசொன்ன கணக்கு இது. விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் பவர். ஜிம் பையன் ஒரு வருஷமாகப் பழகியது கோட்டின் ஒரு நுனியில் மட்டும், நிறைய கிலோ, மெதுவான ஏற்றம். அடுத்த நுனிப் பக்கமே அவன் போனதில்லை.

இரண்டாவது காரணம் நேரம். முழு பலத்தையும் திரட்ட ஒரு தசைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடியாவது வேண்டும். குண்டெறிதலில் கை தள்ளும் நேரம் அதைவிடக் குறைவு. பலம் முழுசாக வந்து சேருவதற்குள் குண்டு கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அந்த நொடிக்குள் எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாவதை அவனே பிடித்துக்கொண்டான். பெஞ்ச் பிரஸில் கம்பியை விட்டுவிட முடியாது. கை நீளப்போகும் நேரத்தில் அதை நிறுத்தியாக வேண்டும். "அப்ப கடைசிப் பாதி பிரேக் போட்டுப் பழகுறேனுங்களா?" என்றான். ஆமாம், எறிகிறவன் கடைசி விரல் வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பழகுகிறான். கனத்தைத் தூக்குவதை விட்டுவிடாதே, விசைக்கு அதுதான் அடித்தளம், அதோடு இதையும் சேர்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 11, வெள்ளி

மூன்று வரிசை, வரிசைக்கு ஒரு பந்து, பதினாறு பேர். முறை வந்தவர் மூன்று தடவை முழு வேகத்தில் எறிந்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். மறுபடி முறை வர ஐந்து நிமிஷம் ஆகிறது.

முதல்வர் அந்தப் பக்கமாக வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னம்மா, பசங்க பாதிப் பேரு சும்மா நிக்கறாங்க? நாலு ரவுண்டு ஓட விட்டா வேர்த்துக் கொட்டுமில்ல?"

வேர்த்தால்தான் பி.டி. பீரியட் என்று நம் ஊரில் ஒரு கணக்கு. மேலே படிக்க வந்த பிள்ளைகளுக்கும் அதேதான் பழக்கம், பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட பீரியட் இது. கிடைத்த அன்று ஓடித் தீர்த்துக்கொண்டு வந்தவர்கள்.

முதல்வரிடம் சொன்னேன்: ஒரே வீச்சில் எறிய உடம்பு செலவழிப்பது தசையில் ஏற்கெனவே சேர்த்துவைத்த பாஸ்போகிரியேட்டினை. சில விநாடி முழு வேகத்தில் அது கரைந்துவிடும். பாதி திரும்பி வர அரை நிமிஷம், ஏறக்குறைய முழுசாக வர மூன்று நிமிஷத்துக்கு மேல். அதற்குள் மறுபடி எறிய வைத்தால் பந்து பறக்கும், ஆனால் மெதுவாகப் பறக்கும். மெதுவாக எறிந்து பழகினால் மெதுவாக எறியத்தான் வரும்.

"அப்ப பந்து பத்தாததும் நல்லதுக்குத்தானா?" என்று சிரித்தார்.

ஓரளவுக்கு அப்படித்தான். வெயிட் ரூம் இல்லை, பந்து மூன்றுதான், வகுப்பில் கூட்டம். தம் கட்டி ஓடும் பயிற்சிக்கு இதெல்லாம் குறை. வெடித்துக் கிளம்பும் பலத்துக்கு அந்த நீள வரிசையே ஓய்வைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் மொத்த எறிதல் குறைகிறது, முப்பது நிமிஷத்தில் ஆளுக்குப் பதினெட்டுக்கு மேல் தாண்டாது. பந்து ஆறாக இருந்தால் வரிசைக்கு எட்டுப் பேர், ஓய்வு ஏறக்குறைய இரண்டரை நிமிஷமாகக் குறைந்தாலும் பாஸ்போகிரியேட்டினில் பெரும்பகுதி திரும்பிவிடும், எறிதலும் இரட்டிப்பாகும். ஆறு பந்து வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

ஸ்டோரில் தோல் தேய்ந்து வழவழத்துப்போன பேஸ்கட்பால்கள் கிடந்தன. பஸ் ஸ்டாண்டு எதிரே பஞ்சர் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, புனல் வைத்து, சலித்துக் காயவைத்த மணலைக் கொட்டினார். பெரிய பேஸ்கட்பால் தானே அறுநூறு கிராம் இருக்கும். ஆகவே மூன்று கிலோவுக்கு மணல் இரண்டு கிலோ நானூறு. பந்து பாதிகூட நிரம்பவில்லை, ஆட்டினால் மணல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அண்ணனே யோசனை சொன்னார்: "தேங்கா நாரை உள்ள திணிச்சிருங்க மேடம், மணல் நகராது." திணித்தோம். உள்ளேயும் வெளியேயும் ட்யூப் பேட்ச் ஒட்டிச் சூடு வைத்தார். தூக்கிப் பார்த்தால் நடுவில் கனம், சுற்றிலும் மெத்து. வாங்கிய பந்துக்குக் குறைவில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும்: இந்தப் பந்தை யாரும் எதிரே நின்று பிடிக்கக் கூடாது, மண்ணில்தான் விழ வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

நாளை மறுநாள் ஆடி முதல் தேதி. சேலம், நாமக்கல் பக்கம் தேங்காய் சுடும் பண்டிகை. வேலூர்ப் பையன் இன்று லீவு சொல்லியிருந்தான். சாயங்காலம் தேங்காய் வாங்கப் போன மண்டியில் அவனையே பார்த்தேன்.

லாரி மேல் இரண்டு பேர், கீழே மூன்று பேர். மேலே இருப்பவர் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு காயை எடுத்து இறக்குகிறார். கீழே நிற்கும் இவன் வாங்கும்போதே கை நெஞ்சை நோக்கிச் சற்றுப் பின்வாங்குகிறது, வாங்கிய வேகம் அடங்குவதற்குள் மணிக்கட்டு சுண்டி, காய் குவியலில் போய் உட்காருகிறது. எங்கேயும் நிற்பதில்லை. காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், கனமில்லை. ஒரு லோடுக்கு ஆயிரக்கணக்கில் இப்படிக் கையை விட்டுப் போகிறது. நான் வகுப்பில் சொல்லித்தர நினைத்திருந்த அத்தனையும் அதில் இருந்தது. கனம் குறைவு, வேகம் முழுசு, வாங்குவதும் விடுவதும் ஒரே அசைவு, கடைசியில் காயை விட்டுவிடுகிறான்.

ஒன்றுதான் இல்லை. இடைவெளி. லோடு இறங்கும்வரை நிறுத்தமில்லை, கடைசியில் கை மெதுவாகத்தான் போகிறது. கூலிக்கு அது போதும், மைதானத்துக்குப் போதாது.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "நல்ல காயாப் பாத்து எடுத்துத் தரேனுங்க மேடம்" என்று மூன்று கண்ணும் தெளிவாக இருக்கிற நான்கு காய் பொறுக்கிக் கொடுத்தான்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வீட்டில் நானும் பிள்ளைகளும் தேங்காயின் கண்ணைத் துளைத்து, தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, பச்சைப் பயறு, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் போட்டு, குச்சியில் செருகி வாசலில் தீமூட்டிச் சுட்டோம். ஓடு வெடித்ததும் எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்தோம்.

ஜூலை 18, வெள்ளி

பந்தெறிதலோடு தண்டாலையும் சேர்த்ததில் பெண்கள் வரிசையில் சிக்கல். "எங்களுக்கு வராதுங்க மேடம்" என்று பாதிப் பேர் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நிற்க வைத்தேன். சுவரில் கை ஊன்றி, நெஞ்சு சுவரை நெருங்கியதும் வேகமாகத் தள்ளிக் கையை எடுத்துவிட வேண்டும், மறுபடி கையை மடக்கி வாங்க வேண்டும். கை தட்டித் தண்டால் எடுப்பதன் முதல் படி இது. அடுத்த படி திண்ணை உயரம், அதற்கடுத்தது பெஞ்ச், கடைசியில்தான் தரை. சாதாரணத் தண்டாலை முதுகு வளையாமல் எடுக்க முடியாதவர்களைக் கைதட்டித் தண்டாலுக்கு விடக் கூடாது, மணிக்கட்டும் தோளும் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

ராசிபுரத்துப் பெண் ஒருத்தி சுவரிலிருந்து தள்ளிய வேகத்தில் இரண்டடி பின்னால் போய் நின்றாள். அவளுக்கே ஆச்சரியம். தோழிகள் கைதட்டினார்கள். உடனே திண்ணைக்குப் போகிறேன் என்று நின்றாள். அடுத்த வாரம் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

சிலம்பம் சொல்லித்தரும் ஆசான் ஒருவர் வந்து கர்லாக்கட்டை சுற்றிக் காட்டினார். எழுபது வயதுக்கு மேல். கட்டை தலைக்குப் பின்னால் இறங்கி முதுகைத் தொட்டும் தொடாமலும் சுற்றி முன்னால் வருகிறது, தோள் மூட்டு முழு வட்டம் போகிறது. அகாடா என்கிற நம் மல்யுத்தக் கூடங்களில் சுழன்ற இந்தக் கட்டையை வெள்ளைக்காரப் பட்டாளம் எடுத்துப்போய், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடற்பயிற்சிக் கூடங்களில் பரப்பியது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது என்றதும் பையன்கள் கூகுளைத் தட்டிப் பார்த்தார்கள்.

கட்டையை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. வேகமாக வீசுகிற கையை யாராவது நிறுத்த வேண்டும். பந்து போன பிறகும் கை போய்க்கொண்டே இருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். முன்பக்கத்தை மட்டும் வளர்த்துவிட்டு இவற்றைக் கவனிக்காத எறிகாரர்கள்தான் தோள் வலி என்று வருகிறார்கள். கிழிந்த சைக்கிள் ட்யூபைக் கொய்யா மரத்தில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்பக்கம் இழுப்பது, கர்லாக்கட்டை, இரண்டும் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் இனி உண்டு.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் பேச்சு வந்தது. சேலம் மாவட்டத்துக்காரர், கூலித் தறித் தொழிலாளி மகன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். "டென்னிஸ் பந்து போட்டே அந்த வேகம் வந்துச்சுங்களா?" லேசான பந்தை முழு வேகத்தில் வீசிப் பழகியது கைகொடுத்திருக்கலாம், அது மட்டுமே என்று சொல்ல முடியாது என்றேன். ஊரில் அவர் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. ஒரு நாள் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

ஜூலை 25, வெள்ளி

இன்று நின்று எறிதல். சுவரில் சாய்ந்து எறிந்ததைவிட எல்லாருக்கும் தூரம் கூடியது. காலை ஊன்றித் தள்ளி, இடுப்பு திரும்பி, அதற்குப் பிறகு நெஞ்சு, கடைசியில் கை. இந்த வரிசை மாறினால் தூரம் போய்விடும். நீரஜின் ஈட்டி 800 கிராம்தான், ஓட்டத்தில் சேர்த்த வேகத்தை ஊன்றுகால் தடுத்து மேலே அனுப்பாவிட்டால் கை மட்டும் அதை அவ்வளவு தூரம் அனுப்பாது.

தலைகீழாகவும் உண்மை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, இதே சேலம் மாவட்டம். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது காலை நசுக்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உயரம் தாண்டுவது கால் வேலை என்றுதான் நினைப்போம். நின்ற இடத்திலிருந்து எம்பும்போது கையை வீசி எம்பினால் உயரம் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். கையை இடுப்பில் வைத்து ஒரு தடவை, வீசி ஒரு தடவை, சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார்கள். அதன்பிறகு யாரும் இடுப்பில் கை வைக்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

"புரோட்டீன் பவுடர் வாங்கணுங்களா மேடம்?" நாமக்கல்லில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். நாலு முட்டை, ஒரு கிண்ணம் தட்டப்பயறு, ராத்திரி பால். டப்பா வாங்கும் காசுக்கு நல்ல ஷூ வாங்கு என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு போனோம். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துக் கடைசியில் உடும்பில் தைத்தது என்று புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்லும் ஓரி ஆண்ட மலை.

மலையேறும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். வில்லாளி மெதுவாகத்தான் இழுக்கிறான், வேகமெல்லாம் வில்லுடையது. வளைந்த வில் சேர்த்துவைத்ததை நாண் திருப்பிக் கொடுக்கிறது. எறியும் முன் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கும்போது தசையும் தசைநாணும் அப்படித்தான் இழுபட்டுச் சேர்த்துவைக்கின்றன. ஆனால் வில்லை வளைத்தபடி பிடித்துக் குறி பார்க்கலாம். தசையில் அது நடக்காது. பின்னுக்கு இழுத்து ஒரு விநாடி தாமதித்தாலே சேர்ந்ததில் பாதிக்கு மேல் போய்விடும். தேங்காயை வாங்கிய கை அங்கே நிற்காததற்கு இதுதான் காரணம். சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில், உயரத்திலிருந்து குதித்துத் தரை பட்டவுடன் மேலே எம்ப வைத்துத் தன் தாண்டுவீரர்களைப் பழக்கியதும் இதே கணக்கில்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மலையில் யோசித்ததை வகுப்பில் போட்டுப் பார்த்தேன். பந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு எண்ணி எறிவது ஒரு முறை, நெஞ்சுக்கு இழுத்த கையோடு எறிவது ஒரு முறை. இழுத்த கையோடு எறிந்தபோது எல்லாருக்கும் தூரம் கூடியது. ஜிம் பையன் மட்டும் இழுத்துவிட்டு மூச்சுப் பிடித்துத் தயாராகிறான், பெஞ்சில் பழகிய பழக்கம். வேலூர்ப் பையன் அவன் பக்கத்தில் நின்று, "நிக்காதடா, வந்த வேகத்துலயே விடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் சொன்னதைவிட அது நன்றாக ஏறியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறுபடி சுவரில் சாய்த்து அளந்தோம். ஜிம் பையன் 5.15. வேலூர்ப் பையன் 5.50. ராசிபுரத்துப் பெண் 2.90இலிருந்து 3.40, இப்போது திண்ணையில் கைதட்டித் தண்டால் எடுக்கிறாள். பெரும்பாலானவர்களுக்கு இருபது முதல் நாற்பது சென்டிமீட்டர் வரை கூடியிருக்கிறது.

இதை வைத்துத் தசை வளர்ந்துவிட்டது என்று ரிப்போர்ட் எழுத மாட்டேன். முதல் சில வாரத்தில் கூடுவது பெரும்பாலும் நரம்பின் பாடம், இருக்கிற தசை இழைகளை ஒரே நொடியில் ஒன்றாக எழுப்பக் கற்றுக்கொள்வது. பந்தை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று தெரிந்துகொண்டதற்கும் அதில் பங்கு உண்டு.

பள்ளிபாளையத்துப் பையன் ஒருத்தனுக்கு ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. வகுப்பைத் தவறவிட்டதில்லை, சொன்னதை அப்படியே செய்கிறவன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டுகிறானாம். காலை ஆறுக்கு இறங்கி, குளித்துவிட்டு ஏழரை பஸ். "பஸ்ல தூங்கிக்குவேனுங்க."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்து நிமிஷ வரிசை பாஸ்போகிரியேட்டினைத் திருப்பித் தரும். ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தராது. நரம்பு கற்றுக்கொண்டதை உடம்பு பதித்துக்கொள்ளத் தூக்கம் பெரிதும் உதவுகிறது, அதைத் தறிக்குக் கொடுத்துவிட்டு வருகிறவனை இன்னும் வேகமாக எறி என்று விசிலடிப்பதில் அர்த்தமில்லை.

முதல்வரிடம் போனேன். ரிப்போர்ட்டில் எறிந்த தூரத்துக்குப் பக்கத்தில் ஓய்வு நேரம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன், அதைக் காட்டி ஆரம்பித்து, பள்ளிபாளையத்துப் பையன் கதைக்கு வந்தேன். விடுதியில் ஓர் இடமும், சாப்பாட்டுக் கட்டணத்தில் சலுகையும் கேட்டேன். வீட்டுக்கு அவன் கொடுக்கும் கூலிக்கு என்ன வழி என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. லைப்ரரியில் சாயங்கால வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்களே, அதைக் கொடுக்கலாம் என்றேன். அவனுடைய அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சுதந்திர தின லீவு, திங்கட்கிழமை வருகிறார்கள். முதலமைச்சர் கோப்பைக்கு இவன் பெயரைக் குண்டெறிதலில் இப்போது கொடுக்கப் போவதில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.